கேம்பர் டிரெய்லர் கவுண்டர்டாப்பில் டிசைன் பேப்பர் ஒட்டி கோட்டிங் போடுவது எப்படி?

வண்டிக்கூடு:

வணக்கம் மக்களே. டெக்சஸ்ல இருக்கோம். 2006 மாடல், 21 அடி டிராவல் டிரெய்லர். கிச்சன் கவுண்டரும் டைனெட் மேஜையும் பார்க்கவே சகிக்கலை. மேலெல்லாம் கத்திக் கீறல், அடுப்பை ஒட்டி நிறம் மங்கியிருக்கு, சிங்க் ஓரத்துல ஒரு கை அகலத்துக்கு லேசா உப்பியிருக்கு. கல் போடுற எண்ணம் இல்லை, வண்டிக்கு எடை ஆகாது. டிசைன் பேப்பர் ஒட்டி அது மேல கிளியர் கோட்டிங் போட்டுடலாம்னு யோசனை.

அளவு: கவுண்டர் 60 × 22 அங்குலம். அதுல சிங்க் ஓட்டை 15 × 15, அடுப்பு ஓட்டை 20 × 19. மேஜை 40 × 28. கவுண்டருக்கு வெள்ளை மார்பிள் டிசைன், மேஜைக்கு ரோடு மேப் ஒட்டலாம்னு ஆசை. மேஜையை இறக்கிப் போட்டா அதுவே ராத்திரி படுக்கை.

மூணு கேள்வி. எபாக்ஸியா (ரெண்டு திரவத்தைக் கலந்து ஊத்துற பிசின்), பாலியூரித்தேனா (பிரஷ்ஷால பூசுற வார்னிஷ்)? கடையில விக்கிற ஸ்டிக்கர் கான்டாக்ட் பேப்பரை ஒட்டி அது மேலேயே எபாக்ஸி ஊத்தலாமா? கழற்றி வெளியே எடுத்துச் செய்யணுமா, வண்டிக்குள்ளேயே வச்சுச் செய்யலாமா? வண்டி வருஷம் பூரா வெயில்லதான் நிக்கும்.

மரப்பட்டறை:

ஸ்டிக்கர் பேப்பர் மேல் எபாக்ஸி வேண்டவே வேண்டாம். வீடியோக்களில் அதிகம் காட்டுவதும் அதுதான், பிறகு உரிந்து வருவதும் அதுதான். கான்டாக்ட் பேப்பர் என்று விற்பது பெரும்பாலும் மெல்லிய வினைல். அதன் முதுகில் இருப்பது அழுத்தினால் ஒட்டுகிற, இழுத்தால் உரிகிற பசை. மேலே எபாக்ஸி எவ்வளவு கெட்டியாக இறுகினாலும் அதைப் பலகையோடு பிடித்து வைத்திருப்பது அந்தப் பசை மட்டும்தான். டெக்சஸ் கோடையில் ஜன்னலைச் சாத்தி நிறுத்திய வண்டிக்குள் சூடு 120 டிகிரி பாரன்ஹீட்டை எட்டுவது சாதாரணம். அந்தச் சூட்டில் பசை இளகும், வினைல் சுருங்கும். ஓரத்தில் நகம் நுழைகிற அளவுக்கு விட்டுவிட்டால் போதும், மேலே உள்ளதெல்லாம் ஒரே தகடாகக் கழன்று வரும்.

நிஜப் பேப்பரை வைத்துச் செய்யுங்கள். கீழிருந்து மேலே இந்த வரிசை: லாமினேட் (பலகை மேல் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் கெட்டித் தகடு), ப்ரைமர் (மேலே வருவது பிடிக்க அடியில் பூசுவது), பசை, பேப்பர், பேப்பரை அடைக்கும் கோட், கடைசியில் மேல் கோட். இதில் எந்த ஒட்டு பலவீனமோ அதன் ஆயுள்தான் மொத்த வேலையின் ஆயுள். அதனால் டிசைன் தேடுகிற நேரத்தைவிட அடிவேலைக்கு அதிக நேரம் கொடுங்கள்.

கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள். டிரெய்லர் கவுண்டர்கள் அனேகமாக அடியில் இருந்து மூலைச் சட்டங்கள் வழியாகப் போட்ட திருகுகளில்தான் நிற்கும். சிங்க்கை அடியில் உள்ள கிளிப்புகளைத் தளர்த்தி எடுக்கலாம். அடுப்பைத் தொடும் முன் வெளியே சிலிண்டரில் கேஸை அடைத்து, ஒரு பர்னரைப் பற்றவைத்து, குழாயில் மிச்சம் இருப்பதை எரியவிடுங்கள். வெளியே எடுத்தால் நாற்றம், தூசி, மட்டம் மூன்று தொல்லையும் போகும். உள்ளேயே செய்துதான் ஆகவேண்டும் என்றால் பிரிட்ஜை அணைத்துவிடுங்கள். தானியங்கி முறையில் (ஆட்டோ) விட்ட கேஸ் பிரிட்ஜ், கரண்ட் போனதும் தானே தீப்பொறி தட்டிப் பற்றவைக்கும். ஷெல்லாக் (ஆல்கஹாலில் கரைத்த அரக்கு), தின்னர் ஆவி நிறைந்த 21 அடி டப்பாவுக்குள் அது ஆபத்து.

முதலில் எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள், பிறகுதான் உப்புத்தாள். மாற்றிச் செய்தால் பிசுக்கு கீறலுக்குள் தேய்ந்து ஏறி, ப்ரைமர் அங்கே பிடிக்காது. டி.எஸ்.பி (டிரைசோடியம் பாஸ்பேட், பிசுக்கு எடுக்கும் தூள்) கரைசலால் துடைத்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை துடைத்துக் காயவிடுங்கள். சிங்க் ஓரத்தில் பழைய சிலிகான் இருந்தால் பிளேடால் சுரண்டி, டினேச்சர்டு ஆல்கஹால் தொட்டுத் தேய்த்து எடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சிலிகான் படலம் இருந்தாலும் மேலே போடுகிற எந்தக் கோட்டும் அந்த இடத்தில் மீன் கண் மாதிரி வட்டமாக விலகி நிற்கும்.

அடுத்து 120 கிரிட் உப்புத்தாளால் பளபளப்பு முழுக்கச் சாகும்வரை தேய்த்து, 150-ல் ஒரு தடவை ஓட்டுங்கள். லாமினேட்டின் டிசைன் படலம் மிக மெல்லியது, அது தேய்ந்து அடியில் உள்ள பழுப்புத் தாள் அடுக்கு தெரிந்தாலும் பரவாயில்லை. கத்திக் கீறலுக்குக் காருக்குப் போடுகிற பாடி ஃபில்லர் நல்லது. அரைமணியில் இறுகும், சுருங்காது. டார்ச்சை மேடை மட்டத்தில் படுக்கவைத்து அடித்துப் பாருங்கள். அந்த வெளிச்சத்தில் நிழல் விழுகிற ஒவ்வொரு பள்ளமும் நாளைக்குப் பேப்பருக்கு மேலேயும் தெரியும்.

உப்பல்: உள்ளே பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) தண்ணீர் குடித்து ஊதியிருக்கிறது. ஊதினது காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள், குழாயின் அடியா சிங்க் விளிம்பா என்று. கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்குகிறதா? அப்படியென்றால் அந்தப் பலகைக்கு மேல் எந்த வேலையும் நிற்காது, 1/2 அங்குல பிளைவுட்டில் புதுத் துண்டு வெட்டிக்கொள்வது மேல். கெட்டியாக இருந்தால் தூக்கிய லாமினேட்டை மட்டும் வெட்டி எடுத்து, ஊதிய தூளைச் சுரண்டி, ஒரு வாரம் நன்றாகக் காயவிட்டு, ஷெல்லாக் ப்ரைமர் இரண்டு கை (இரண்டு பூச்சு) ஊறவிட்டு, பிறகு பாடி ஃபில்லரால் மட்டப்படுத்துங்கள்.

ப்ரைமருக்கு ஷெல்லாக் வகையில் ஜின்சர் பி.ஐ.என்., தண்ணீர் வகையில் ஸ்டிக்ஸ், இரண்டுமே வழவழப்பான பரப்பில் பிடிக்கும். மெல்லிசாக இரண்டு கை போதும். பி.ஐ.என். 45 நிமிடத்தில் அடுத்த கைக்குத் தயாராகும். மறுநாள் ஒரு மூலையில் பிளேடால் குறுக்கும் நெடுக்கும் கோடு கிழித்து, மாஸ்கிங் டேப் ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். கட்டம் கட்டமாக டேப்போடு வந்தால் மறுபடி தேய்க்க வேண்டும். இந்தச் சோதனையில் தேறாமல் பேப்பரைத் தொடாதீர்கள். மார்பிள் பேப்பருக்கு ப்ரைமர் வெள்ளையாகவே இருக்கட்டும், மெல்லிய பேப்பர் நனைந்தால் அடி நிறத்தைக் காட்டிவிடும்.

மேல் கோட்டுக்கு என் ஓட்டு இரண்டுக்குமே பாலியூரித்தேன். எபாக்ஸிக்கு ஒரு சின்னக் கணக்கு: உங்கள் கவுண்டர் ஓட்டைகள் போக 715, மேஜை 1120, மொத்தம் 1835 சதுர அங்குலம். டேபிள்டாப் எபாக்ஸி தானாகப் பரவி நிற்கும் கனம் சுமார் 1/8 அங்குலம். ஆக 229 கன அங்குலம், ஒரு கேலன் 231. ஓரத்தில் வழிவதைச் சேர்க்காமலே ஒரு கேலன், எடையில் சுமார் 9 பவுண்டு. பாலியூரித்தேன் ஒரு குவார்ட் (கால் கேலன்) ஒரு கைக்குச் சுமார் 100 சதுர அடி வரும். உங்களுடையது 13 சதுர அடிக்குள். ஆறு கை போட்டாலும் ஒரு குவார்ட்டில் முடியும்.

பனிவெளி:

மரப்பட்டறை அண்ணா சொன்னது சரி. நான் கனடா ஒண்டாரியோப் பக்கத்துக் குளிரை வைச்சுச் சில விசயம் சேர்க்கிறன். டெக்சஸுக்கும் பொருந்தும், ஏனெண்டால் வண்டி ஓடேக்க குலுங்குறது எல்லா ஊரிலயும் ஒண்டுதான்.

பேப்பர் தெரிவு. சாதாரணப் பேப்பர் பசை பட்டால் விரியும், காயேக்க சுருங்கும், அந்த இடைவெளியில்தான் சுருக்கம் விழுறது. கடையில நொன்-வோவன் (நெய்யாத இழைத் தாள்) வோல்பேப்பர் எண்டு கேளுங்கோ. அது ஈரத்துக்கு விரியாது, பசையைப் பலகையில பூசிப்போட்டு நேராக மேல வைக்கலாம். மார்பிள் டிசைன் அதில வடிவாக வருது. ஆனால் மேல வினைல் பூச்சு இருக்கிற வோல்பேப்பரை எடுக்காதேங்கோ, பாலியூரித்தேன் அதில பிடிக்காமல் நகத்தால சுரண்டினால் வரும். கடையிலேயே துண்டு வாங்கி ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்கோ. ஒரு நிமிசத்தில ஊறினால் உங்களுக்கு உதவும், முத்து மாதிரி நிண்டால் உதவாது. பரிசுப் பொருள் சுத்துற தாளுக்கும் இதே சோதனைதான்.

ரோடு மேப் சாதாரணப் பேப்பர். அதுக்கு வழி: பின்பக்கம் பசை பூசி, பசைப் பக்கம் உள்ள வர மெதுவாக மடிச்சு, மூண்டு நாலு நிமிசம் விடுங்கோ. விரிய வேண்டியது அங்கேயே விரிஞ்சு முடியும். பிறகு நடுவில வைச்சு வெளிப்பக்கமாகத் தள்ளுங்கோ. பிளாஸ்டிக் ஸ்குவீஜியை (அழுத்தி இழுக்கிற தகடு) நேராகப் பேப்பரில இழுத்தால் ஈரப் பேப்பர் கிழியும், நடுவில ஒரு மெழுகுத்தாள் வைச்சு அதுக்கு மேலால இழுக்கவேணும்.

பசைக்கு வெள்ளை பி.வி.ஏ, மூண்டு பங்குக்கு ஒரு பங்கு தண்ணி. மாட் பாட்ஜ் கிளாசிக் எண்ட கைவினைப் பசையும் ஒட்டுறதுக்குச் சரி, ஆனால் அதையே மேல் கோட்டாக விடாதேங்கோ. அது தண்ணி தாங்காது, ஈரக் கோப்பை வைச்ச இடம் வெள்ளையாகும், முழுசாக இறுக நாலு வாரம் எடுக்கும்.

எபாக்ஸியில எனக்கிருக்கிற பயம் மூட்டுத்தான். கவுண்டர் இரண்டு துண்டாக இருந்தால், அல்லது சுவரோட சேருற இடத்தில, மூட்டுக்கு மேலால ஊத்தக்கூடாது. வண்டி ஓடேக்க சட்டம் முறுகும், குளிரில எல்லாம் சுருங்கும், விறைச்ச எபாக்ஸி அந்தக் கோட்டிலேயே வெடிக்கும். துண்டு துண்டாக முடிச்சுப்போட்டு, இடைவெளிக்கு வளையக்கூடிய சீலன்ட் விடவேணும்.

இன்னொண்டு, மேஜை படுக்கையாகிறது எண்டு சொன்னியள். வினைல் குஷனை நேராக அந்தக் கோட்டிங்கில வைக்காதேங்கோ. வினைலை மெதுவாக்க விடுற எண்ணெய்ப் பொருள் வெக்கையில கசிஞ்சு, தண்ணி வகைக் கோட்டிங்கை இளக்கி, குஷன் ஒட்டிப் பிடிக்கும். தட்டு வழுக்காமல் போடுற ரப்பர் வலைக்கும் இதே குணம். ஒரு பருத்தித் துணி விரிச்சால் பிரச்சினை இல்லை.

வண்டிக்கூடு:

ரெண்டு பேருக்கும் நன்றி. அண்ணா சொன்ன மாதிரி சிங்க்கைத் தூக்கிப் பார்த்தேன். வெட்டுன விளிம்புல பழுப்பு அடுக்கே தெரியலை. மேல நகம் கனம்கூட இல்லாத ஒரு தோல், கீழ நேரா மரத்தூள் பலகை. அப்போ இது லாமினேட் இல்லையா? 120 போட்டுத் தேய்க்கலாமா?

விளிம்புல பிளாஸ்டிக் பட்டை ஒண்ணு செருகின மாதிரி ஓடுது, அதை என்ன பண்ண? அப்புறம், கையில இருக்கிற மேப் கிழிஞ்சிருக்கு. ஸ்கேன் பண்ணி வீட்டு இங்க்ஜெட்ல பிரின்ட் எடுத்தா போதுமா?

மரப்பட்டறை:

பார்த்தது நல்லதாயிற்று. அது லாமினேட் இல்லை. அச்சடித்த தாள் அல்லது வினைல் படலத்தைப் பலகையில் சுற்றி ஒட்டியது. எடைக்காகவும் விலைக்காகவும் டிரெய்லர்களில் நிறைய இடத்தில் இதுதான் இருக்கும். 120 வேண்டாம், கிழித்துக்கொண்டு போய்விடும். 220-ஐக் கையால் மட்டும், மிஷின் இல்லாமல், பளபளப்பு மங்குகிற அளவுக்கு. ஓரங்களில் நகத்தால் நெம்பிப் பாருங்கள். தளர்ந்த தோலை எல்லாம் உரித்து எடுத்துவிட வேண்டும். தளர்ந்ததை அமுக்கி ஒட்டி மேலே வேலை செய்தால் அது பழைய ஸ்டிக்கர் கதைதான். உரித்த இடம் திறந்த மரத்தூளாக இருக்கும். அங்கே தண்ணீர் ப்ரைமர் கூடாது, தூள் ஊறிச் சிலிர்த்துக்கொள்ளும். ஷெல்லாக் ப்ரைமரே போடுங்கள்.

விளிம்புப் பட்டைக்கு டி-மோல்டிங் என்று பெயர். அதன் முதுகில் ஒரு நாக்கு, பலகையின் பக்கவாட்டில் வெட்டிய காடிக்குள் செருகியிருக்கும். இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுக்க வரும். உங்களுக்கு இது பெரிய வசதி. பேப்பரை விளிம்பில் மடிக்க வேண்டியதில்லை. மேல் பரப்போடு முடித்து, கோட்டிங் எல்லாம் இறுகிய பிறகு புதுப் பட்டையை ரப்பர் சுத்தியலால் தட்டி ஏற்றினால், அதன் உதடு பேப்பரின் வெட்டு விளிம்பை மூடிக்கொள்ளும். பலகைக் கனத்தை அளந்து அதே அகலத்தில் பட்டை வாங்குங்கள், நாக்கின் கனத்தையும் பாருங்கள். மூலை திரும்பும் இடத்தில் நாக்கை மட்டும் முக்கோணமாக வெட்டிவிட்டால் பட்டை மடங்காமல் வளையும்.

பேப்பரை ஓரத்தில் கத்தியால் அறுக்காதீர்கள். சுற்றிலும் ஒரு அங்குலம் வெளியே தொங்கவிட்டு ஒட்டி, நன்றாகக் காயவிடுங்கள். பிறகு 150 கிரிட்டை ஒரு கட்டையில் சுற்றி, விளிம்பில் சாய்வாக வைத்து, மேலிருந்து கீழே மட்டும் இழுங்கள். இரண்டு மூன்று இழுப்பில் விளிம்புக் கோட்டில் பேப்பர் வெளுக்கும், அடுத்த இழுப்பில் நூல் பிடித்த மாதிரி தானாக அறுந்து விழும். கீழிருந்து மேலே ஒரு தடவை போனால்கூட ஓரம் தூக்கிக்கொள்ளும். சிங்க் ஓட்டைக்கும் இதே முறைதான்: நடுவில் பெருக்கல் குறியாகக் கீறி, மடல்களை உள்ளே மடித்துவிட்டு, காய்ந்த பிறகு விளிம்பைத் தேய்த்து எடுங்கள்.

இங்க்ஜெட் பிரின்ட் வேண்டாம். வீட்டு மிஷின்களின் மை பலவும் தண்ணீரில் கரையும், பசை பட்டதும் நெடுஞ்சாலைக் கோடெல்லாம் நீலமாகப் படரும். கடையில் கொடுத்து லேசர் பிரின்ட் எடுங்கள். டோனர் கரையாது. தாள் கொஞ்சம் கனமாக, 100 ஜி.எஸ்.எம் (சதுர மீட்டருக்கு 100 கிராம்) பக்கத்தில் இருந்தால் கையாள எளிது.

இனி அடைக்கும் கோட். ஒட்டின பேப்பர் முழுதாகக் காய்ந்த பிறகு, அதே பி.வி.ஏ கலவையை மேலே மெல்லிசாக இரண்டு கை பூசுங்கள். இதை விட்டுவிட்டு நேராக ஆயில் பாலியூரித்தேனோ எபாக்ஸியோ போட்டால் பேப்பர் திட்டுத்திட்டாக ஊறி, எண்ணெய் பட்ட தாள் போல் கறுத்து ஊடுருவிப் போகும். அந்தக் கறையைப் பிறகு எடுக்க வழியே இல்லை. மேப்பின் பின்பக்க அச்சும் மேலே தெரிய ஆரம்பிக்கும்.

பாலியூரித்தேனில் வெள்ளை மார்பிளுக்குத் தண்ணீர் வகை. ஆயில் வகை தேன் நிறம் ஏறும், வருஷம் போகப் போக இன்னும் மஞ்சளாகும். மேப்புக்கு அந்த மஞ்சள் அழகுதான், தேய்மானமும் ஆயில் வகை அதிகம் தாங்கும், குஷன் தொல்லையும் குறைவு. அதனால் மேஜைக்கு ஆயில், கவுண்டருக்குத் தண்ணீர் என்று பிரித்துக்கொள்ளலாம். ஆயில் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயவிட்டு, பிறகு எறியுங்கள்.

டப்பாவைக் குலுக்க வேண்டாம், குச்சியால் கலக்குங்கள். முதல் கைக்குப் பிறகு உப்புத்தாள் தொடாதீர்கள், பேப்பர் வரை போய்விடும். இரண்டாவது கையிலிருந்து 320-ல் லேசாக. தண்ணீர் வகையில் ஸ்டீல் வூல் கூடாது, சிக்கிய இழை துருப்பிடித்துப் பழுப்புப் புள்ளியாக நிற்கும். சாட்டின் (மங்கலான பளபளப்பு) வேண்டுமென்றால் ஐந்து கை கிளாஸ் (முழுப் பளபளப்பு) வகை போட்டு, கடைசிக் கை மட்டும் சாட்டின். எல்லாமே சாட்டினாகப் போட்டால் படம் பனி மூடின மாதிரி மங்கும்.

தூரிகை:

அண்ணன் சொன்னதுல ஒண்ணுல மட்டும் எனக்கு மாறுபாடு இருக்கு. மேஜைக்குப் பாலியூரித்தேன், ஒத்துக்கறேன். கவுண்டருக்கு எபாக்ஸியைத் தள்ளிடாதீங்க. சிங்க்கைச் சுத்தி தினமும் ஈரம் நிக்கும். மொத்தம் ரெண்டு மூணு காகிதக் கனத்துக்குள்ளதான் ஆறு கை பாலியூரித்தேன் வரும். அதுல ஒரு கத்திக் கீறல் பேப்பர் வரை இறங்கினா தண்ணி உள்ள போய் அங்கிருந்து கறுக்கும். 1/8 அங்குல எபாக்ஸியில கீறல் பேப்பரைத் தொடாது. கவுண்டர் மட்டும்னா 715 சதுர அங்குலம், அரை கேலன் வாங்கினா வழியறதுக்கும் சேர்த்துக் கூடவே இருக்கும். எடை அஞ்சு பவுண்டுக்குள்ள.

ஆனா நிபந்தனை இருக்கு. சூடு. பெரும்பாலான டேபிள்டாப் எபாக்ஸி 120-லிருந்து 150 பாரன்ஹீட்டுக்குள்ள இளக ஆரம்பிச்சிடும். வாங்கும்போது டப்பாவுலயோ டேட்டா ஷீட்லயோ வெப்பத் தாங்கு அளவைப் பாருங்க, அதிகமா தாங்கறதா எடுங்க. இளகுற நேரத்துல மேல கனமான பாத்திரம் இருந்தா அடி வட்டம் பதிஞ்சிடும். அதனால வண்டியை மூடி நிறுத்தும்போது கவுண்டர் மேல எதையும் வைக்காம, கூரை வென்ட்டைக் கொஞ்சம் திறந்து வைங்க. குக்கரை இறக்கி நேரா வைக்கவே கூடாது, எப்பவும் பிரிமணையோ மரப்பலகையோ. ஜன்னல் வெயில் படற பக்கம் மஞ்சளாகும். யூ.வி. தடுப்பு போட்ட எபாக்ஸி அதைத் தள்ளிப்போடும், நிறுத்தாது. திரையை இழுத்து விடுங்க.

செய்முறை. கவுண்டரைக் கழற்றி, ரெண்டு பக்கமும் மட்டம் பார்த்து வைங்க. கொஞ்சம் சாய்ஞ்சாலும் எல்லாம் ஒரு மூலைக்கு ஓடிடும். விளிம்புக்கு அடியில பெயின்டர் டேப் ஒட்டுங்க. டி-மோல்டிங் காடிக்குள்ளயும் டேப்போ கயிறோ திணிங்க, இல்லேன்னா எபாக்ஸி உள்ள இறங்கி இறுகி, பட்டை திரும்ப ஏறாது. அறை 75 டிகிரி பாரன்ஹீட் பக்கத்துல இருக்கணும். குளிர்ல கெட்டியா இருக்கும், குமிழி வெளியேறாது.

பிசின், ஹார்ட்னர் ரெண்டும் 1:1 கொள்ளளவுன்னு போட்டிருந்தா கோடு போட்ட கப்புல கொள்ளளவுலதான் அளக்கணும். தராசுல சம எடை போட்டா தப்பாகும், ரெண்டும் அடர்த்தி வேற. மூணு நிமிஷம் சுவரையும் அடியையும் வழிச்சு வழிச்சுக் கலக்குங்க. அப்புறம் புதுக் கப்புல மாத்தி இன்னொரு மூணு நிமிஷம். முதல் கப் சுவர்ல ஒட்டியிருக்கற கலக்காத பிசின் கலந்தா அந்த இடம் எத்தனை நாளானாலும் பிசுபிசுன்னே இருக்கும். ஊத்தி முடிச்சதும் கப்பைக் கவிழ்த்து வழிச்சு ஊத்தாதீங்க, அதே காரணம்தான்.

முதல்ல பிரஷ்ஷால மெல்லிசா ஒரு கை. பேப்பருக்குள்ள இருக்கற காத்து அப்பவே வெளியே வந்துடும். அதைத் தவிர்த்து நேரா கனமா ஊத்தினா ராத்திரி பூரா அடியிலிருந்து குமிழி வந்துட்டே இருக்கும், காலையில அம்மைத் தழும்பு மாதிரி நிக்கும். நாலுலேர்ந்து ஆறு மணி நேரத்துல, விரல் வச்சா பிசுக்குன்னு ஒட்டும் ஆனா கையில வராது, அந்தப் பதத்துல ரெண்டாவதை ஊத்துங்க. மறுநாளைக்குத் தள்ளிட்டா 220-ல தேய்ச்சுட்டுத்தான் ஊத்தணும்.

குமிழிக்கு ஹீட் கன்னோ டார்ச்சோ, ஆறு எட்டு அங்குல உயரத்துல, நிக்காம ஓட்டிட்டே போகணும். ஒரே இடத்துல நின்னா மேல் தோல் சுருங்கிடும், அடியில பேப்பர் கருகலாம். மிச்சக் கலவையை ஆழமான கப்புல அப்படியே விட்டுடாதீங்க, தானே சூடேறிப் புகையும். நைட்ரைல் கிளவுஸ் கட்டாயம்; எபாக்ஸி ஒவ்வாமை ஒருதடவை வந்துட்டா அப்புறம் போகாது.

கீழ தொங்கற சொட்டுகளை முக்கால் மணிக்கு ஒருதடவை வழிச்சு விடுங்க. மூணு நாளைக்குத் தொடாதீங்க, பாத்திரம் பண்டம் வைக்க ஒரு வாரம்.

வண்டிக்கூடு:

அப்படின்னா முடிவு: மேஜைக்கு லேசர் பிரின்ட் மேப்பும் ஆயில் பாலியூரித்தேனும், கவுண்டருக்கு நொன்-வோவன் மார்பிளும் எபாக்ஸியும். கடைசியா ஒண்ணு. சிங்க்கையும் அடுப்பையும் திரும்ப வைக்கும்போது எதைக் கவனிக்கணும்? அடுப்பு விளிம்பு சூட்டுக்கு எபாக்ஸி தாங்குமா?

மரப்பட்டறை:

தூரிகை சொன்ன நிபந்தனைகளோடு என்றால் கவுண்டருக்கு எபாக்ஸியை நானும் மறுக்கவில்லை. ஆனால் அடுப்பின் விளிம்பு உட்காரும் பட்டையில் எபாக்ஸியை விடாதீர்கள். அடுப்பை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, அந்தக் கோட்டுக்கு அரை அங்குலம் உள்ளே டேப் ஒட்டி, அங்கே ப்ரைமரோடு நிறுத்துங்கள். பேப்பரும் அந்த டேப் வரைதான். விளிம்பு அதை மூடிக்கொள்ளும். அடுப்புக்குப் பின்னால் சுவரில் மிச்சப் பேப்பரை ஒட்டும் ஆசை வந்தால் விட்டுவிடுங்கள். அங்கே மெல்லிய ஸ்டீல் தகடுதான் சரி.

இரண்டு ஓட்டைகளிலும் வெட்டு விளிம்பு, அதாவது பலகையின் மரத்தூள் பக்கம், கண்டிப்பாக அடைபட்டிருக்க வேண்டும். பேப்பர் ஒட்டும் முன்பே ஷெல்லாக் ப்ரைமர் இரண்டு கை. சிங்க் ஓட்டையில் எபாக்ஸி மீதியைப் பிரஷ்ஷால் உள்பக்கம் பூசிவிடுங்கள். உங்கள் உப்பல் தொடங்கியதே இந்த இடத்தில்தான். குழாய்க்குப் போட்ட துளையின் உள்சுவரையும் மறக்க வேண்டாம்.

சிலிகான் எல்லாவற்றுக்கும் கடைசி. அது பட்ட இடத்தில் பிறகு எந்தக் கோட்டும் ஒட்டாது. எபாக்ஸி ஏழு நாள் இறுகிய பிறகு, சிங்க் விளிம்பின் அடியில் சுற்றிலும் ஒரே கோடாக விட்டு, கிளிப்புகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒரு பக்கம் முழுதாக முறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் சிலிகான் ஒரு பக்கமே பிதுங்கிப் போகும்.

பனிவெளி:

கேஸ் இணைப்புக்கு ஒரு சொல். அடுப்புக்குப் பின்னால இருக்கிறது ஃப்ளேர் ஃபிட்டிங் எண்டால் டெஃப்லான் டேப் சுத்தாதேங்கோ. அது உலோகமும் உலோகமும் அமுங்கி அடைக்கிற வகை, டேப் போட்டால் சரியாக அமர விடாது. முறுக்கி முடிச்சு, சிலிண்டரைத் திறந்து, எல்லா பர்னரும் அடைச்சபடி, மூட்டில சோப்புத் தண்ணி பூசிப் பாருங்கோ. ஒரு குமிழி வளர்ந்தாலும் திரும்ப அடைச்சு முறுக்கவேணும், அப்பவும் நிக்காட்டில் கேஸ் வேலை தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுங்கோ.

உள்ள வேலை செய்யேக்க கேஸ் அலாரம் கத்தினால் பயப்படாதேங்கோ, ஆல்கஹால் ஆவிக்கும் அது கத்தும். ஜன்னல், வென்ட் எல்லாம் திறந்து காத்து ஓடவிட்டால் அடங்கும். அதுக்காக வயரை வெட்டி விட்டிடாதேங்கோ. அடுப்பைத் திரும்பப் பூட்டின அண்டைக்குத்தான் அது முக்கியமாக வேலை செய்யவேணும்.